ஐம்பத்திரண்டு கிலோ

புந்தோங், ஈப்போ
8.6.2025

பெரிய துரை ஷர்வின் அவர்களுக்கு,

அப்பன் பிச்சைமுத்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா சரளாவும் உசிரோடுதான் இருக்கிறோம். உன் உடம்பு எப்படி என்று அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. என் நம்பரை நீ பிளாக் பண்ணி ஒரு வருஷம் ஆகிவிட்டது. தபால்காரனை பிளாக் பண்ண இன்னும் யாரும் பட்டன் கண்டுபிடிக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடுதாசி. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு பேனாவைக் கீழே வைத்தவன் நான். பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் படி.

நீ பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். ஒரே கம்பெனி, ஒரே எஞ்சின், இரண்டு மாதிரி. எது எடுப்பது என்று குழம்புகிறாயாம். "அவன்கிட்ட சொல்லு, முப்பது வருஷமா மோட்டார் கடை வச்சிருக்கிற அப்பன் ஒருத்தன் இருக்கான்னு" என்றேன். "நீங்களே எழுதுங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் போஸ்டாபீஸ் இல்ல" என்று சொல்லிவிட்டாள்.

இராஜசிங்கம் ஐயா வீட்டில் நடந்ததை நீ இன்னும் மனசில் வைத்திருக்கிறாய். பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாரும் வாயை மூடி உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேர் சிரிக்கட்டுமே என்று ஒரு கதை சொன்னேன். பதினேழு வயதில் நீ ரெம்பிட் பையன்களோடு ரோட்டில் ரேஸ் விட்டு போலீசில் மாட்டியது நடந்த கதைதானே? மோட்டார் மேல் குப்புறப் படுத்துப் பறப்பாயே, அதை அவர் வீட்டு முக்காலியில் படுத்துக் காட்டினேன். அந்தப் பெண் தக்ஷாயினிகூட உதட்டைக் கடித்துக்கொண்டுதான் நின்றது. அதற்காக அவர்கள் சம்பந்தம் வேண்டாம் என்றால் அது முக்காலியின் குற்றமா?

சரி, விடு. மோட்டாரைப் பற்றி எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அப்பா

*

ஜோகூர் பாரு
20.7.2025

அப்பாவுக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. அந்த முக்காலியைப் பற்றி இனிமேல் எழுதாதீர்கள்.

மோட்டாரைப் பற்றி மட்டும் கேட்கிறேன். ஒன்று ஓட்டப்பாதைக்கென்றே செய்தது. ஹேண்டல் கீழே இருக்கிறது, குனிந்துதான் ஓட்ட வேண்டும். இன்னொன்று அதே எஞ்சின், முன்னால் கவசம் இல்லை, நிமிர்ந்து உட்காரலாம். சிங்கப்பூரில் என்னோடு வேலை செய்பவர்கள் மாதம் ஒரு ஞாயிறு சிப்பாங் ஓட்டப்பாதைக்குப் போகிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள். ஒருமுறை வாடகை மோட்டாரில் ஓட்டிப் பார்த்தேன். நன்றாக ஓட்டுகிறேன் என்றார்கள். ஆனால் வேலை நாளில் தினமும் சிங்கப்பூருக்குப் பாலம் தாண்ட வேண்டும்.

எது சரி?

ஷர்வின்

*

புந்தோங்
27.7.2025

மகன் ஷர்வினுக்கு,

அப்பா நலம், அம்மா நலம், கடைப் பூனை போட்ட மூன்று குட்டிகளும் நலம். உன் கடுதாசியை உன் அம்மா இரண்டு தரம் படித்தாள். "இவ்ளோ நீட்டா என் பிள்ள எழுதுறான், ஒங்க எழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கு" என்றாள்.

உன் இரண்டு மோட்டாருக்கும் நான் பேர் வைத்துவிட்டேன். கவசம் உள்ளவன் சட்டைக்காரன். கவசம் இல்லாதவன் வெறும் உடம்புக்காரன். ஆள் ஒருவன்தான், உடுப்புதான் வேறு என்று கடைக்காரன் சொல்வான். நம்பாதே. சட்டைக்காரன் மேலே போகப் போகத்தான் இழுப்பான். எஞ்சின் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்று சுற்றினால்தான் அவனுக்கு உசிரே வரும். கீழே அவன் சோம்பேறி. வெறும் உடம்புக்காரனுக்குக் கீழ் இழுவை நன்றாக இருக்கும், கியர் மாற்றாமலே போகலாம்.

பாலத்தில் ஒரு மணி நேரம் நெரிசலில் நிற்கிறாய். சட்டைக்காரன் என்றால் உன் உடம்பு பாரம் முழுக்க மணிக்கட்டில். எஞ்சின் சூட்டில் தொடை வெந்துவிடும். ஒரே மாசத்தில் நீ ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போன ஆள் மாதிரி கூன் போட்டு நடப்பாய். ஆனால் ஒன்று. ஓட்டப்பாதையில் வளைவுக்குள் சாய்ந்து நுழையும்போது சட்டைக்காரன் பேசுவான். முன் டயர் எங்கே இருக்கிறது என்று உன் உள்ளங்கைக்குச் சொல்வான். மற்றவன் அந்த வேகத்தில் காற்றிலே உன் நெஞ்சைப் பிடித்துத் தள்ளுவான்.

தனி ஆளாக வாழ்க்கை நடத்தப் போகிறாயா, வேகம் மட்டும் போதுமா? அப்படியென்றால் சட்டைக்காரனை எடு. இல்லையென்றால் மற்றவன். உன்னைப் பழைய போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம் இன்னும் துரத்தினால் இரண்டையும் விட்டுவிட்டு ஒரு சைக்கிள் வாங்கிக்கொள், ஹாஹா.

தலைக்கு எண்ணெய் வை.

அப்பா

*

ஜோகூர் பாரு
31.8.2025

அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். நீங்கள் எழுதியது உதவியாக இருந்தது. கடைசி வரியைத் தவிர.

இன்னும் மூன்று கேள்வி. ஒன்று, கவசம் இல்லாத மோட்டாரில் பின்னால் ஐம்பத்திரண்டு கிலோ ஏறினால் பின் ஸ்பிரிங்கை எத்தனை பல் இறுக்க வேண்டும்? இரண்டு, பின்னால் உட்காருபவர் கால் வைக்கிற தாங்கி மிக உயரமாக இருக்கிறது. அதைக் கீழே இறக்க முடியுமா, இடது பக்கம் மட்டும்? மூன்று, இடது முழங்கால் முழுதாக மடங்காதவர் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் தாங்குமா?

இணையத்தில் தேடினால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.

ஷர்வின்

*

புந்தோங்
7.9.2025

என் தங்க மகன் ஷர்வினுக்கு,

நாங்கள் சுகம். நீ எங்களைவிட சுகம் என்று இப்போதுதான் தெரிகிறது!

டேய், நான் ஆறாம் வகுப்புதான். ஆனால் முப்பது வருஷம் மோட்டாருக்குப் பின்னால் எத்தனை பேர் ஏறி இறங்கினார்கள் என்று பார்த்தவன். ஐம்பது கிலோ என்று நீ எழுதியிருந்தால் அரிசி மூட்டை என்று நினைத்திருப்பேன். ஐம்பத்திரண்டு என்றால் அது ஆள்தான். அதுவும் தராசில் ஏறி நின்று உன்னிடம் சொன்ன ஆள்.

இடது முழங்கால் என்று படித்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். பெண் பார்க்கப் போன அன்றைக்குத் தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அந்தப் பெண் இடது காலை லேசாக விறைத்து வைத்தது. யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். ஓடுகிற வண்டியின் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்தது என்று சொல்கிறவன் நான்.

தக்ஷாயினிதானே?

அப்படியென்றால் இனிப் பேச்சே இல்லை, வெறும் உடம்புக்காரன்தான். பின் ஸ்பிரிங்கை இரண்டு பல் இறுக்கு. பின் டயருக்குக் காற்று கொஞ்சம் கூட வை. தாங்கியை நான் செய்கிறேன். இரண்டு இஞ்சு இறக்கினால் அந்த முழங்கால் ராணி மாதிரி இருக்கும்.

உண்மையைச் சொல். உன் அப்பனுக்கு மண்டை வெடிக்கிறது.

அப்பா

*

ஜோகூர் பாரு
28.9.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள் கண்டுபிடிப்பீர்கள் என்று நினைக்கவில்லை. நினைத்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

ஆமாம். பிப்ரவரியில் இருந்து பேசுகிறோம். அவளுக்கு இங்கே மருத்துவமனை மருந்தகத்தில் வேலை மாற்றம் கிடைத்துவிட்டது, ஏப்ரலில் வந்து சேர வேண்டும். அவள் வீட்டுக்கு எதுவும் தெரியாது. மார்ச் மாதம் அவளே அவள் அப்பாவிடம் உட்கார்ந்து பேசப் போகிறாள். அவர் கோபக்காரர் இல்லை, ஆனால் எதையும் முதலில் மகள் வாயால் கேட்க வேண்டும் என்று நினைப்பவர். வேறு யார் வாயாலாவது கேட்டால் முடிந்தது.

அதனால் யாரிடமும் சொல்லாதீர்கள். அம்மாவிடம் நானே சொல்கிறேன். முழங்காலைப் பற்றியும் பேசாதீர்கள். பள்ளியில் வலைப்பந்து விளையாடியபோது உடைந்தது. மூன்றுமுறை அறுத்தார்கள். சொந்தக்காரர்களுக்கே அது தெரியாது. அவளுக்கு அது பெரிய விஷயம்.

மார்ச் வரைக்கும், அப்பா. இதை மட்டும் செய்யுங்கள்.

உங்கள் மகன்
ஷர்வின்

*

புந்தோங்
26.10.2025

அன்பு மகனுக்கு,

தீபாவளி நல்லபடியாகக் கழிந்தது. முறுக்கு கொஞ்சம் கருகல், உன் அம்மாவுக்கு அது என் குற்றம். வாயில் பூட்டுப் போட்டு சாவியைக் கிந்தா ஆற்றில் எறிந்துவிட்டேன். இருபது பேர் வீட்டுக்கு வந்தார்கள். "ஒங்க மகனுக்கு எப்பங்க கல்யாணம்?" என்று எல்லாரும் கேட்டார்கள். "அவன் சாமியாராப் போறான்லா" என்றேன். பார், எவ்வளவு கெட்டிக்காரன் நான்!

தாங்கி செய்து முடித்துவிட்டேன். ஈப்போவில் ஒரு பெரிய மோட்டார் கடையில் அதே மாதிரி ஒன்று நிற்கிறது. பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு போய் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அளவு எடுத்தேன். விற்கிற பையன் ஓடி வந்து, "அங்கிள், வாங்கப் போறீங்களா?" என்றான். "இல்லப்பா, சம்பந்தம் பேச வந்தேன்" என்றேன். பயந்து போய்விட்டான்.

நல்ல இரும்பு. இடது பக்கம் இரண்டு இஞ்சு இறக்கம், செயினில் படாமல் அரை இஞ்சு வெளியே தள்ளியிருக்கிறேன். ஓரத்தை எல்லாம் அரம் போட்டு வழவழப்பாக்கிவிட்டேன். அந்தப் பெண்ணின் சேலையோ சுடிதாரோ மாட்டக்கூடாது பார். அதற்கே இரண்டு நாள் ஆனது. பஸ்ஸில் போட்டிருக்கிறேன், லார்கின் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்.

அம்மா உன்னை ஒருநாளாவது வந்துவிட்டுப் போகச் சொல்கிறாள். நானும்தான்.

அப்பா

*

ஜோகூர் பாரு
14.12.2025

அன்புள்ள அப்பா,

நலம்தானே? அம்மாவின் இருமல் நின்றதா?

தாங்கி வந்தது. கடைக்கு எடுத்துப் போய்க் காட்சிக்கு வைத்திருந்த மோட்டாரில் வைத்துப் பார்த்தேன். ஒரு நூல்கூடத் தப்பவில்லை. மெக்கானிக் சீனர் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யார் செய்தது?" என்று கேட்டார். "என் அப்பா" என்றேன். அதைச் சொல்லி ரொம்ப நாளாகிவிட்டது.

போன வாரம் அவள் இங்கே வந்திருந்தபோது அவளையும் கூட்டிப்போய் ஏறி உட்காரச் சொன்னேன். வலிக்கவில்லை என்றாள். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள். கொஞ்சம் பயமாக இருக்கிறது என்றும் சொன்னாள். எதற்குப் பயம் என்று நான் கேட்கவில்லை.

நிமிர்ந்து உட்காருகிற மோட்டாருக்கே பதிவு செய்துவிட்டேன். மார்ச் கடைசியில் கைக்கு வரும். சிப்பாங் நண்பர்களிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். எல்லாம் சரியாக நடந்தால் நாங்கள் இரண்டு பேரும் அதிலேயே ஈப்போவுக்கு வருகிறோம்.

உங்கள் நம்பரை இன்னும் திறக்கவில்லை. கடிதம்தான் நன்றாக இருக்கிறது.

அன்புடன்
ஷர்வின்

*

புந்தோங்
3.2.2026

அன்பு மகனுக்கு,

முருகன் புண்ணியத்தில் எல்லாரும் சுகம். தைப்பூசம் முடிந்து இன்னும் கால்வலி போகவில்லை. குனோங் சீரோ கோயிலுக்குப் போகும் ரோட்டில் வழக்கம்போல் எங்கள் தண்ணீர்ப் பந்தல். நானும் கூட்டாளி மாயாண்டியும் காலையில் இருந்து மோர் ஊற்றினோம்.

பத்து மணிக்கு யார் வருகிறார்கள் தெரியுமா? இராஜசிங்கம் ஐயா. பின்னால் அவர் சம்சாரம் சுவர்ணாம்மா, அவருக்குப் பின்னால் நம்ம பெண். நான் யோக்கியமாகத்தான் இருந்தேன். "வணக்கங்கையா, மோர் குடிங்க" என்று இரண்டு கையாலும் தம்ளரை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு, பக்கத்தில் நின்ற மாயாண்டியைப் பார்த்து "தேங்க்ஸ்" என்றார். நீட்டியவன் நான், நன்றி மாயாண்டிக்கு!

சிலிம் ரிவர் பக்கம் எங்கள் தோட்டத்தில் அவருடைய அப்பாதான் கணக்கெழுதும் கிராணி. காலையில் வேலைக்குப் போகுமுன் பெரட்டு வரிசையில் நிற்கும்போது என் அப்பாவின் பேரைக் கூப்பிட்டு ஆஜர் போடுவார், முகத்தைப் பார்க்க மாட்டார். எனக்கு அந்த ஞாபகம் வந்துவிட்டது. வந்ததும் வாய் அரித்தது.

அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஏம்மா, பயப்படாதீங்க. பின் சீட்டுல ரெண்டு இஞ்சு எறக்கியாச்சி. நொண்டிக் காலு மடக்கவே வேணாம்லா, மாமனார் கேரண்டி!" என்றேன். எப்படி ஏறுவது என்று அங்கே கிடந்த பெஞ்சில் ஒரு காலை விறைப்பாக வைத்துக்கொண்டு ஏறிக் காட்டினேன். பந்தலில் இருபது பேர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாயாண்டிக்கு மோர் மூக்கில் ஏறிவிட்டது.

ஐயா சிரிக்கவில்லை. "என்ன சொல்லுறார் இவர்?" என்று மகளைக் கேட்டார். அந்தப் பெண் தம்ளரை மேசையில் வைத்துவிட்டு நடந்தது. வெயில்தானே, மயக்கமாக இருந்திருக்கும்.

மற்றவர்களிடம் நான் மூச்சு விடவில்லை. அவர்களிடமேதான் சொன்னேன். எப்படியும் அடுத்த மாசம் தெரியப்போவதுதானே. என்ன சொல்கிறாய்?

உடனே பதில் போடு.

அப்பா

*

புந்தோங்
1.3.2026

மகன் ஷர்வினுக்கு,

நலமாக இருக்கிறாயா? நான்கு வாரமாகிவிட்டது. தபால்காரனிடம் தினமும் கேட்கிறேன். "அங்கிள், ஒங்களுக்கு கரண்டு பில்லுதான் வருது" என்கிறான்.

உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. சோறு போடுகிறாள். நேற்று நான் ஏதோ சொல்லிச் சிரித்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் புள்ளைய ரோட்டுல வச்சி நொண்டிக் காட்டுனீங்களா?" என்று மட்டும் கேட்டாள். "சும்மா விளையாட்டுக்குலா" என்றேன். எழுந்து போய்விட்டாள்.

அவ்வளவு பெரிய தப்பா அது? மோட்டார் வந்துவிட்டதா? ஸ்பிரிங் இரண்டு பல், மறந்துவிடாதே.

அப்பா

*

ஜோகூர் பாரு
22.3.2026

தக்ஷாயினி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்குப் போனதும் அவள் அப்பா சத்தம் போடவில்லையாம். "அந்த வீட்டுக்கோ போகப் போறாய்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். வேலை மாற்றத்தையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ஈப்போவிலேயே இருக்கிறாள்.

என்மேல் கோபம் இல்லையாம். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "என் கல்யாணம், என் பிள்ளைப்பேறு, என் சாவு, எல்லாத்தையும் ஒருநாள் உங்கட அப்பா யார் வீட்டு முக்காலியிலாவது நடிச்சுக் காட்டுவார். சனம் சிரிக்கும். என்னால் ஏலாது."

மோட்டார் பதிவை மாற்றிக்கொண்டேன். ஓட்டப்பாதைக்கு உள்ளதை எடுத்துவிட்டேன். பின் சீட்டைக் கழற்றி அந்த இடத்தில் மூடி போட்டுத் தந்தார்கள். ஒருவர்தான் உட்காரலாம். மணிக்கட்டு வலிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். வலிக்கிறது.

தப்பு உங்களுடையது இல்லை. நீங்கள் எப்படி என்று எனக்குத் தெரியும். ஐம்பத்திரண்டு கிலோ என்று நான் உங்களுக்கு எழுதியிருக்கக் கூடாது.

இனி எழுதாதீர்கள்.

ஷர்வின்

*

புந்தோங்
12.4.2026

ஷர்வினுக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

பெண் பார்க்கப் போன அன்றைக்கு நாலு பேர் சிரிக்கட்டும் என்றுதான் கதை சொன்னேன் என்று எழுதினேன். அது பொய். அந்த வீட்டு சோபாவில் உட்கார்ந்ததும் என் கைக்கு எண்ணெய் நாற்றம் அடிக்கிறதோ என்று தோன்றிவிட்டது. காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார், எனக்குப் புரியவில்லை. அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதற்கு முந்தி நானே சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று வாய் திறந்துகொண்டது. எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். சின்ன வயதில் இருந்து அப்படித்தான் தப்பித்தேன். அன்றைக்கு உன்னை எடுத்துப் போட்டேன். பந்தலில் அந்தப் பெண்ணை எடுத்துப் போட்டேன்.

நேற்றுக் காலையில் கடையைத் திறக்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். பெல் அடித்தேன். ஐயா வந்தார், சுவர்ணாம்மா பின்னால் வந்தார். கேட்டைத் திறக்கவில்லை. நான் வெளியில் நின்றே பேசினேன். "ஐயா, என் மகன் மேல தப்பு இல்ல. அவன் யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கெஞ்சினான். நான்தான் கேக்கல. ஒங்க மகளை நான் ரோட்டுல அசிங்கப்படுத்திட்டேன். என்னை வேணும்னா காலமெல்லாம் ஒதுக்கி வச்சிருங்க, கல்யாணத்துக்குக்கூட நான் வரல. பிள்ளைங்களச் சேத்து வைங்க" என்றேன்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் அம்மா செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. மாடியில் ஜன்னல் திரை அசைந்தது, அந்தப் பெண்ணாக இருக்கலாம்.

ஐயா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். நான் முடிப்பதற்காகக் காத்திருந்தார். பிறகு அவர் சம்சாரத்திடம் திரும்பினார்.

"நல்லாத்தான் நடிக்கிறார்" என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா